கமலாம்பிகையின் பெயருக்குப் பக்கத்தில்

டோர்ட்மண்டின் வடக்கே, கால்வாய்த் துறைமுகத்துக்குக் கிட்ட, ஒரு சலவைத் தொழிற்சாலை இருக்கிறது. கமலாம்பிகை அங்கே வேலைக்குச் சேர்ந்தது 2004 ஒக்டோபர் நாலாம் திகதி, திங்கட்கிழமை. அன்றிலிருந்து சரியாக இருபது வருடமும் ஒரு மாதமும் அவளைப் பற்றி அங்கே எவரும் எதுவும் எழுதி வைக்கவில்லை. பாராட்டும் இல்லை, கண்டிப்பும் இல்லை. காலை ஆறு மணிக்கு அட்டையைத் தட்டி உள்ளே போவாள். பிற்பகல் இரண்டரைக்கு அட்டையைத் தட்டி வெளியே வருவாள். 2024 நவம்பர் நாலாம் திகதி, அதுவும் திங்கட்கிழமைதான், அவள் பெயருக்குப் பக்கத்தில் முதற்சொல் விழுந்தது.

அன்றைக்குத்தான் புதிய கொம்பியூட்டர் முறை தொடங்கியது. முதியோர் இல்லங்களிலிருந்து வருகிற உடுப்புகள் ஆளுக்கொரு வலைப்பையில் கழுவப்பட்டு, உலர்ந்து, மேசைக்கு வரும். பையைத் திறக்கும்போது அதன் சிப்பை ஒருமுறை ஸ்கான் பண்ண வேண்டும். மடித்துக் கட்டி மூடும்போது இன்னொருமுறை. வேலை முடிகிற நேரம் கதவடியில் உள்ள பெரிய திரையில் எல்லாருடைய பெயரும் வரும். பெயருக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கிலச் சொல் நிற்கும். மற்றவர்களுக்குப் பச்சை நிறத்தில் ‘ஸ்டெடி’ என்று நின்றது. கமலாம்பிகைக்கு மஞ்சளில் ‘லேகிங்’ என்று நின்றது.

அவள் நின்று பார்த்தாள். பின்னால் வந்த துருக்கிக்காரியும் போலந்துக்காரியும் பார்த்தார்கள். பொறுப்பாளர் லவினியா கையில் ஒரு தட்டைக் கணினியோடு திரைக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

“லவினியா, இது என்ன சொல்?”

“அது கொம்பியூட்டர் போடுறது, அக்கா. முதல் நாள்தானே. ஒண்டும் யோசியாதேங்கோ.”

அந்தக் கடைசிச் சொல்தான் அவளை யோசிக்க வைத்தது. யோசிக்க ஒன்றுமில்லாத இடத்தில் யோசிக்காதே என்று எவரும் சொல்வதில்லை.

நம்புகிற விஷயத்தில் கமலாம்பிகை அவசரப்படுகிற ஆள் இல்லை. தமிழ்க்கடையில் ஒரு கிலோ வெண்டிக்காய் வாங்கினால் வீட்டுத் தராசில் இன்னொருமுறை போடுவாள். மகள் லக்சிகா பரீட்சை பாஸ் என்று போனில் சொன்னபோது, “சந்தோசம், அந்தக் கடுதாசியை ஒருக்கா அனுப்பிவிடு பிள்ளை” என்றாள். 1991இல் சுழிபுரத்திலிருந்து புறப்பட்டபோது, ஏஜென்சிக்காரன் மாஸ்கோவில் மூன்று நாள் என்று சொல்லி நாற்பத்தொரு நாள் வைத்திருந்தான். அதற்குப் பிறகு ஒருவர் சொன்ன கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளுகிற பழக்கம் அவளை விட்டுப் போய்விட்டது. 1993இல் தம்பித்துரையைக் கல்யாணம் கட்டியபோதும், அவர் வேலை செய்த குழாய்த் தொழிற்சாலையின் வாசலில் ஒரு நாள் போய் நின்று, அவர் உண்மையிலேயே அந்த வாசலால்தான் வெளியே வருகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னாள்.

ஆகவே அன்றைக்கே ஒரு சிறு கொப்பியில் திகதியையும் சொல்லையும் எழுதினாள். ஒரு சொல்லோடு நின்றிருந்தால் அதை விட்டிருப்பாள். நின்றதா? டிசம்பர் நடுப்பகுதிக்குள் ஐந்து விதமான சொற்கள் சேர்ந்துவிட்டன. லேகிங், லிங்கரிங், ட்ரெயிலிங், ஸ்ட்ராக்லிங், டோட்லிங். மற்ற நாட்களில் ‘ஸ்டெடி’ வந்தது. ஆனால் ஒருநாள் பச்சை வந்தால் மறுநாள் மஞ்சளை எதிர்பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

லக்சிகா பான் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கமலாம்பிகை போனை ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து, கொப்பியைத் திறந்தாள். தம்பித்துரை பக்கத்தில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

“ஒவ்வொண்டாச் சொல்லு. லேகிங் எண்டால்?”

“எல்லாரும் சேந்து போகேக்க ஒராள் பின்தங்கிறது, அம்மா. பெரிய ஏச்சு இல்லை.”

“ட்ரெயிலிங்?”

“முன்னுக்குப் போற ஆக்களின்ர தடத்தில இழுபட்டுக்கொண்டு வாறது.”

“இழுபட்டோ?” என்றார் தம்பித்துரை. “சேலைத் தலைப்பு மாதிரியோ?”

“நீங்கள் பழத்தைத் தின்னுங்கோ. ஸ்ட்ராக்லிங் எண்டால் என்ன?”

“அது கூட்டத்தை விட்டே பிரிஞ்சு, தனிச்சு, அங்க இஞ்ச சிதறி வாறது.”

“டோட்லிங்?”

லக்சிகா சிரித்தாள். “அது சின்னப் பிள்ளையளுக்குச் சொல்லுறது. சப்பாத்துப் போடச் சொன்னால் அரை மணித்தியாலம் மினக்கெடுங்கள் தெரியுமே, அது.”

கமலாம்பிகை சிரிக்கவில்லை. அந்தச் சொல்லின் கீழ் ஒரு கோடு போட்டாள். “கடைசி, லிங்கரிங்.”

“போக மனமில்லாமல் ஒரு இடத்தில நிக்கிறது.”

கமலாம்பிகை அதையும் எழுதினாள்.

“பிள்ளை, எனக்கு மனமிருக்கோ இல்லையோ எண்டு யந்திரம் எப்பிடிக் கண்டது?”

“அம்மா, அது ஏதோ நேரக் கணக்குக்கு ஒரு சொல் போடுது. அந்தப் புரோகிராம் செய்த ஆக்களுக்கு வேற வேலை இல்லாமல்—”

“யந்திரத்துக்கு ஒரு சொல் காணும். சுணக்கம். அவ்வளவுதான். அஞ்சு விதமாச் சொல்ல வேணுமெண்டால் அதுக்குப் பின்னால மனிசர் இருக்க வேணும். உனக்கு ஒருத்தரைப் பிடிக்கேல்லை எண்டால்தான் இத்தனை சொல்லுத் தேடுவாய்.”

“அது சரிதான்” என்றார் தம்பித்துரை. மனைவியின் சந்தேகங்களில் அவருக்கு எப்போதும் ஒரு ரசனை உண்டு.

மனிதர் என்றால் யார் என்று கமலாம்பிகைக்கு அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. லவினியா பேசாலைக்காரி, முப்பத்தாறு வயது, இங்கேயே தொழிற்பயிற்சி முடித்துப் பொறுப்பாளராக வந்தவள். அவளுடைய கணவனின் தமக்கை றோசம்மாவும் அதே தொழிற்சாலையில்தான் வேலை செய்கிறாள், ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரித் துணி கழுவுகிற இடத்தை ஜெர்மன்காரர் இரண்டாகப் பிரித்து வைப்பார்கள், அழுக்குப் பக்கம், சுத்தப் பக்கம் என்று. கழுவும் யந்திரங்கள் சுவருக்குள்ளேயே நிற்கும்; அந்தப் பக்கம் ஒரு வாய், இந்தப் பக்கம் ஒரு வாய். அந்தப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் முகமூடியும் இரட்டைக் கையுறையும் நீண்ட அங்கியும் போட்டுக்கொண்டு, இரத்தமும் மலமும் பட்ட துணிகளைப் பிரித்து உள்ளே போடுவார்கள். யன்னல் கிடையாது. தேநீர் அறை வேறு. குளித்து உடை மாற்றாமல் இந்தப் பக்கம் கால் வைக்க ஏலாது. அங்கே நேரம் பார்க்கிற திரையும் இல்லை, ஏனென்றால் அங்கே ஆளைத் துரத்துவது துணியைக் கொண்டு வருகிற பட்டி. அது ஓடிக்கொண்டே இருக்கும். ஆளும் எப்போதும் போதாது. இந்தப் பக்கத்தில் யாருக்கு நேரம் சரியில்லையோ அவரை அந்தப் பக்கம் அனுப்புவார்கள். போனவர்களில் திரும்பி வந்தவர்களைக் கமலாம்பிகை இருபது வருடத்தில் இருவரைத்தான் கண்டிருக்கிறாள்.

அவளுடைய மேசை சுத்தப் பக்கத்தில், கால்வாயைப் பார்த்த யன்னலடியில். பதினோரு வருடமாக அது அவள் மேசை. றோசம்மாவுக்கு இரண்டு வருடமாகக் கையுறைக்குள் தோல் வெடித்துக்கொண்டிருந்தது. சுத்தப் பக்கம் வர வேண்டும் என்று அவள் விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருந்தது எல்லாருக்கும் தெரியும். எங்கே ஓர் இடம் காலியாக வேண்டும் என்பதும் தெரியாத விஷயமில்லை.

ஜனவரி ஒன்பதாம் திகதி லவினியா கமலாம்பிகையின் முதுகுக்குப் பின்னால் வந்து நான்கு நிமிடம் நின்றாள். பதின்மூன்றாம் திகதி மேசைக்குக் கீழ்த் தட்டைக் குனிந்து பார்த்தாள். “என்ன தேடுறீர்?” என்று கேட்டதற்கு, “சும்மா, அக்கா” என்றாள். பதினேழாம் திகதி, வெள்ளிக்கிழமை, வேலை முடிகிற நேரம் வந்து சொன்னாள்.

“வாற வெள்ளி பத்து மணிக்கு உங்களோட கதைக்க ஒரு டெர்மின் வைச்சிருக்கு, அக்கா. மனேஜர் பிறிங்மன் அம்மாவின்ர அறையில. நானும் இருப்பன்.”

“எதுக்கு?”

“அந்தச் சொல்லுகளைப் பற்றித்தான். இப்பிடியே போனால் பெப்ரவரி மூண்டிலயிருந்து அந்தப் பக்கம் மாத்திறதைப் பற்றிக் கதைக்கினம். இன்னும் ஒண்டும் முடிவில்லை.”

“முடிவில்லை எண்டால் திகதி எப்பிடி வந்தது?”

லவினியா தட்டைக் கணினியைக் குனிந்து பார்த்தாள். பிறகு, “வெள்ளிக்கிழமை கதைப்பம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த புதன்கிழமை பின்னேரம் கமலாம்பிகை குசினி மேசையில் கொப்பியை விரித்தாள். வெள்ளிக்கிழமை பிறிங்மன் முன்னால் லவினியாவைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். வழி சுலபம். கூடாத சொல் வந்த நாட்களை ஒரு பக்கமும் லவினியா வேலைக்கு நின்ற நாட்களை மறுபக்கமும் எழுதினால் இரண்டும் ஒட்டி வரும். நவம்பர் 4 முதல் ஜனவரி 22 வரை வேலை நாட்கள் ஐம்பத்தைந்து. கமலாம்பிகை ஒருநாளும் லீவு எடுக்கவில்லை. கூடாத சொல் வந்தது பத்தொன்பது நாட்கள்: லேகிங் எட்டு, லிங்கரிங் ஆறு, ட்ரெயிலிங் மூன்று, ஸ்ட்ராக்லிங் ஒன்று, டோட்லிங் ஒன்று.

ஒட்டவில்லை. லவினியா நத்தாருக்கு டிசம்பர் 23 முதல் ஜனவரி 3 வரை பிரான்சில் நின்றாள். அந்த நாட்களுக்குள் நாலு கூடாத சொற்கள் விழுந்திருந்தன.

“அங்கயிருந்து போனில செய்திருப்பாள்” என்றார் தம்பித்துரை.

“நத்தார்ப் பலகாரத்தை வைச்சிட்டோ?” கமலாம்பிகை பென்சிலைக் கீழே வைத்தாள். ஆளைப் பிடிக்க ஆசை இருந்தாலும் கணக்கை வளைக்க அவளுக்கு வராது. “அவள் இல்லாத நாளிலயும் வந்திருக்கு. அப்ப அந்த நாளுகளில வேற என்ன நடந்தது?”

தம்பித்துரை கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்தார். பார்த்தவர் எழும்பிச் சுவரடிக்குப் போனார். அங்கே 2025ஆம் ஆண்டுக் கலண்டருக்குப் பின்னால் பழைய கலண்டரும் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டிலும் சில திகதிகளில் ‘தே’ என்று சிவப்புப் பேனையால் எழுதியிருந்தது.

“இஞ்சேரும். நவம்பர் நாலு?”

“லேகிங்.”

“தே. நவம்பர் பதினெட்டு?”

“லிங்கரிங்.”

“தே.”

“என்ன கோதாரி தே?”

“தேத்தண்ணி. ஒக்டோபரில நீர் என்ன சொன்னனீர்? ‘நீங்கள் ஒருநாளாவது எனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுத் தந்ததில்லை’ எண்டனீர். அண்டையிலயிருந்து நான் போட்டுத் தாற நாளெல்லாம் குறிச்சு வைச்சிருக்கிறன். இன்னொருக்காச் சொன்னால் காட்டுறதுக்கு.”

வேறு நேரமாக இருந்தால் அதற்கு ஒரு சண்டை வந்திருக்கும். கமலாம்பிகை எழும்பிப் போய் இரண்டு கலண்டரையும் கழற்றி எடுத்தாள். இருவரும் ஒவ்வொரு திகதியாகச் சரிபார்த்தார்கள். பத்தொன்பது நாட்களில் பதினெட்டு ஒட்டியது. ஒட்டாதது டிசம்பர் 12, வியாழக்கிழமை. அன்றைக்குப் பனியில் ட்ராம் நின்று அவள் முப்பத்தைந்து நிமிடம் பிந்திப் போயிருந்தாள். டோட்லிங் வந்தது அன்றைக்குத்தான்.

தம்பித்துரை தேத்தண்ணி போடுகிற நாட்கள் எவை என்று இருவருக்கும் தெரியும். அவள் வேலையால் வந்து, உடுப்பை யந்திரத்தில் போட்டு, தலை தோய்ந்த பிறகுதான் குசினிக்குள் காலெடுத்து வைக்கிற நாட்கள். செத்தவர்களின் உடுப்பைத் தொழிற்சாலையில் தொட்ட நாட்கள்.

முதியோர் இல்லத்தில் ஆள் போய்விட்டாலும் கழுவப் போட்ட உடுப்பு வந்துகொண்டுதான் இருக்கும். அதையும் மடித்து அனுப்பினால்தான் பிள்ளைகள் வந்து எடுத்துப் போவார்கள். பழைய முறையில் காலையில் ஒரு தாள் வரும். செத்தவரின் பெயருக்குப் பக்கத்தில் சிலுவை இருக்கும். கமலாம்பிகை அந்தப் பையைத் திறக்காமலே கீழ்த்தட்டில் வைத்துவிடுவாள். உயிரோடு இருக்கிறவர்களின் உடுப்பெல்லாம் முடிந்த பிறகு, கடைசி அரை மணித்தியாலத்தில் அதை எடுத்து, சட்டைத் தெறிகளை ஒவ்வொன்றாகப் பூட்டி, இல்லத்துக்கு வந்து வாங்குகிறவர்கள் பார்த்தால் மனம் ஆறுகிற மாதிரி மடித்துக் கட்டுவாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வீடு வருவாள். செத்தவருடையதை இருக்கிறவருடையதுக்கு நடுவில் வைக்கக்கூடாது, செத்த வீட்டுக்குப் போய் வந்தால் தோய வேண்டும். இவை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய காரியங்களில்லை. செருப்பைக் கழற்றி வைப்பது மாதிரி, அது ஒரு வேலையாகவே அவளுக்குத் தோன்றியதில்லை. அதனால்தான் காரணம் தேடியபோது அது கணக்கில் வரவுமில்லை.

புதிய முறையில் தாள் இல்லை. பையைத் திறந்து ஸ்கான் பண்ணினால்தான் மேசைத் திரையில் சாம்பல் நிறச் சிலுவை தெரியும். ஸ்கான் பண்ணியவுடன் மணிக்கூடு ஓடத் தொடங்கும். அவள் பையைத் தூக்கிக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாள். மணிக்கூடு ஐந்து மணித்தியாலம் ஓடிக்கொண்டே இருக்கும்.

“ஒரு பை எண்டால் லேகிங்” என்றாள் கமலாம்பிகை மெதுவாக. “விடியவே வந்த பை எண்டால் லிங்கரிங். ரெண்டு பை வந்தால் ட்ரெயிலிங். டிசம்பர் பத்து, மூண்டு பேர் செத்த அண்டைக்கு ஸ்ட்ராக்லிங். எல்லாமா இருபத்துமூண்டு பை.”

“அப்ப லவினியா இல்லை.”

“இது லவினியா இல்லை” என்றாள். முதுகுக்குப் பின்னால் நின்றதையும் பெப்ரவரி மூன்றையும் அவள் இன்னும் கணக்கிலிருந்து எடுக்கவில்லை.

ஆனாலும் ஒரு கணக்கைச் சோதித்துப் பார்க்காமல் அவள் நம்பமாட்டாள். மறுநாள் வியாழக்கிழமை காலை 9.20க்கு ஒரு பையில் சிலுவை விழுந்தது. பெயர் லோமன். ஐந்து வருடமாக அந்த மனிதரின் உடுப்பு அவளிடம்தான் வந்தது. ஆளை அவள் கண்டதில்லை. பச்சைக் கம்பளிச் சட்டை, முழங்கை இரண்டிலும் தோல் ஒட்டு, இடது பொக்கற்றில் எப்போதும் கழுவிச் சுருண்ட ஒரு ரொபி மிட்டாய்த் தாள். இந்த முறையும் தாள் இருந்தது. கீழ்த்தட்டுக்குப் போன கையை நிறுத்தி, அந்தச் சட்டையை அப்போதே மடித்தாள். பையை மூடினாள், ஸ்கான் பண்ணினாள், தள்ளுவண்டியில் மற்றப் பைகளுக்கு நடுவில் வைத்தாள். ஆறு நிமிடம்.

அடுத்த பை ஸ்ரெபன்ஸ் என்ற கிழவியுடையது. அவள் உயிரோடு இருக்கிறாள். கமலாம்பிகை முப்பத்துநாலு அடி நடந்து தொட்டியில் கையைக் கழுவினாள். திரும்பி வந்தாள். பிறகு மறுபடி போய்க் கழுவினாள். அப்படியும் அந்தக் கிழவியின் உள்சட்டையைத் தொடும்போது ஏதோ களவு செய்கிற மாதிரி இருந்தது.

பிற்பகல் கதவடித் திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சை நின்றது.

வீட்டில் தம்பித்துரை தேத்தண்ணியோடு காத்திருந்தார். “என்ன சொல்?”

“ஸ்டெடி.”

“அப்ப பிரச்சினை முடிஞ்சுதே!”

“ஒரு மனிசனை இருக்கிற ஆக்களுக்கு நடுவில செருகிப்போட்டு வந்திருக்கிறன். இனி ஒருக்காலும் என்னால ஏலாது.”

“அப்ப அந்தப் பக்கம் போவீரோ?”

அவள் தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பிறிங்மனின் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். பிறிங்மன் உயரமான, களைத்த பெண்மணி. மேசையில் கமலாம்பிகையின் பத்தொன்பது நாட்களும் ஒரு தாளில் மஞ்சளாகக் கிடந்தன. தேவையென்றால் லவினியா மொழிபெயர்ப்பாள் என்றார் பிறிங்மன். தேவையில்லை என்றாள் கமலாம்பிகை. தன் ஜெர்மன் நொண்டினாலும் தன் வாயால் வருவதாகவாவது இருக்கும் என்று நினைத்தாள்.

அவள் பேசத் தொடங்கி, செத்தவர்களின் பை என்ற இடத்துக்கு வந்தபோது, மேசைக்குக் கீழே லவினியாவின் சப்பாத்து அவள் காலை மெதுவாக மிதித்தது. கமலாம்பிகை அவளைத் திரும்பிப் பார்த்தாள். எதை நான் சொல்லக்கூடாது என்று இவள் நினைக்கிறாளோ அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று அப்போது தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னாள். சிலுவை, கீழ்த்தட்டு, ஐந்து மணித்தியாலம், இருபத்துமூன்று பை, நேற்று ஆறு நிமிடம், இனிமேல் அப்படிச் செய்ய ஏலாது என்பது வரை.

திறந்த பையை ஐந்து மணித்தியாலம் தட்டில் வைப்பது விதிக்கு முரண் என்பது உங்களுக்குத் தெரியுமா என்று பிறிங்மன் கேட்டார். இப்போது தெரியும் என்றாள் கமலாம்பிகை. அதற்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுக்க வேண்டி வரும் என்றார் பிறிங்மன். கொடுங்கள், ஆனால் இருபத்துமூன்று என்று சரியாக எழுதுங்கள் என்றாள் கமலாம்பிகை.

பிறிங்மன் பேனையை எடுத்தார். அதற்குள் லவினியா பேசத் தொடங்கினாள். சிலுவை விழுகிற பெயர்கள் தன் தட்டைக் கணினியில் விடியற்காலையிலேயே தெரியும் என்றாள். அந்தப் பைகளைத் தானே யாருடைய மேசைக்கும் போகாமல் பிரித்தெடுக்கலாம். எல்லா மேசைகளுக்குமான அப்படிப்பட்ட பைகளைக் கடைசி ஒரு மணித்தியாலத்தில் ஒரே ஆள் செய்தால் மணிக்கூடும் குழம்பாது, இல்லங்களுக்கும் அவை தனியாகவே போய்ச் சேரும். கதவடியில் ஒரு வெறும் மேசை கிடக்கிறது. கமலாம்பிகை அங்கே மாறினால், யன்னலடி மேசைக்கு வேறு ஆள் போடலாம்.

அவள் அதை எங்கும் தடுமாறாமல் சொன்னாள். மூச்செடுக்க நின்ற இடங்கள்கூடச் சரியாக இருந்தன. முன்பே சொல்லிப் பார்த்த பேச்சு மாதிரி இருந்தது கமலாம்பிகைக்கு.

பிறிங்மன் யோசித்தார். செய்து பார்க்கலாம் என்றார். எச்சரிக்கையை எழுதாமல் பேனையை மூடினார். கமலாம்பிகைக்கு ஏதாவது கேட்க இருக்கிறதா?

இருந்தது. பை ஒன்றுக்கு இரண்டு நிமிடம், கை கழுவ. அது வாயால் சொன்னால் போதாது, தாளில் வேண்டும். லவினியா கணினியில் அடித்துக் கொடுத்த தாளைக் கமலாம்பிகை மூன்று முறை வாசித்தாள். ‘தேவைக்கேற்ப’ என்று இருந்த இடத்தை வெட்டி ‘இரண்டு நிமிடம்’ என்று மாற்றச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வைத்தாள்.

வெளியே வந்து நடைபாதையில் லவினியாவை நிறுத்தினாள்.

“உமக்கு முதலே தெரியும்.”

“பதிமூண்டாம் திகதிதான் தெரியும், அக்கா. உங்கட தட்டைக் குனிஞ்சு பாத்தனான். சிலுவைப் பை ரெண்டு கிடந்தது.”

“அப்ப அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?”

“எப்பிடிச் சொல்லுறது? நவம்பரிலயிருந்து நீங்கள் என்னைக் கள்ளியைப் பாக்கிற மாதிரிப் பாக்கிறியள். ‘என்ன தேடுறீர்’ எண்டு கேட்டனீங்கள். எங்கட வேதத்தில இந்தச் செத்த வீட்டுத் துடக்கு முறையெல்லாம் இல்லை. நான் வாயைத் திறந்தால், வேதக்காரி எங்கட முறையைப் பகிடி பண்ணுறாள் எண்டுதானே நினைப்பியள்?”

கமலாம்பிகை அதை மறுக்கவில்லை. “பேந்து ஏன் காலை மிதிச்சனீர்?”

“ஐஞ்சு மணித்தியாலம் எண்டு நீங்களே சொன்னால் எச்சரிக்கை வரும் எண்டுதான். நேரத்தைச் சொல்லாமல் காரணத்தை மட்டும் சொல்லியிருக்கலாம்.”

“யன்னலடி மேசை?”

லவினியா தட்டைக் கணினியை மறு கைக்கு மாற்றினாள். “றோசம்மா மச்சாளுக்கு. அவவின்ர கையை நீங்களும் கண்டிருக்கிறியள்.”

“அது எப்ப போட்ட பிளான்? பதிமூண்டாம் திகதியோ, நேற்றோ?”

“அக்கா, உங்களுக்கு வேலையும் போகேல்லை, அந்தப் பக்கமும் போகேல்லை. இன்னும் என்ன?”

“திகதியைத்தான் கேட்டனான்.”

லவினியாவின் முகம் சிவந்தது. கோபமா வெட்கமா என்று கமலாம்பிகையால் பிரித்தறிய முடியவில்லை. இரண்டுக்கும் அந்த முகம் ஒரே மாதிரித்தான் சிவக்கும் போலிருக்கிறது.

பெப்ரவரி மூன்றாம் திகதி, திங்கட்கிழமை, அவள் கதவடி மேசைக்கு மாறினாள். கதவு திறக்கும் போதெல்லாம் குளிர்காற்று கணுக்காலில் பட்டது. யன்னலடியில் றோசம்மா இரண்டு கையிலும் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, உள்ளே வரவே பயந்தவள் மாதிரி மெதுவாக மடித்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை இவளைப் பார்த்துக் கையுயர்த்தினாள். கமலாம்பிகையும் தலையை ஆட்டினாள். அந்தக் கையைப் பற்றி அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஒன்றரை மணிக்கு லவினியா நாலு பைகளோடு வந்தாள். நாலையும் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“நில்லும்” என்றாள் கமலாம்பிகை.

மேசையில் அவள் முதல் நாளே வீட்டில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட ஒரு தாள் இருந்தது. திகதி, பை இலக்கம், கொண்டு வந்த நேரம், கொண்டு வந்தவர் என்று நாலு பத்தி. முதல் மூன்றையும் நிரப்பிவிட்டுப் பேனையை நீட்டினாள்.

“இதில ஒரு கையெழுத்து.”

“அக்கா, நான்தானே கொண்டு வந்தனான். உங்களுக்குத் தெரியும்தானே?”

“இண்டைக்குத் தெரியும்.”

லவினியா சிரிக்கப் போய், சிரிக்காமல், பேனையை வாங்கினாள். நாலு பைக்கும் நாலு கையெழுத்து வைத்தாள். கமலாம்பிகை தாளைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொன்றாகப் பார்த்து, முதற்பையைத் திறந்தாள்.